ஆம்ஸ்டர்டாமிலிருந்து நாலு விரல் தூரம்

அண்ணாச்சி,

என் கட்டைவிரலில் கோந்து காய்ந்து உரிந்துகொண்டிருக்கிறது. பிஸ்கட்டவேயில் உங்கள் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒட்டிக்கொண்ட கோந்து. எடிசனில் என் வீட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரமாகிறது, இன்னும் கை கழுவவில்லை. "என்ன, கையையே நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், அதிலும் ஒரு கோழைத்தனம்.

உங்கள் பேத்தி யாழினி எட்டாம் வகுப்புக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்கிறாள். அழிந்து மறுபடி எழுந்த ஒரு நகரத்தைப் பற்றி எழுதவேண்டும். மற்ற பிள்ளைகள் எந்த ஊரை எடுத்தார்களோ தெரியாது, அவள் எடுத்தது ராட்டர்டாம். முதல் வகுப்பிலிருந்து அந்த ஊர்க்கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எதை எடுப்பாள்? போன வாரம் உங்கள் மகள் கோமதி போன் செய்தாள்.

"அங்கிள், யாழினிக்கு உங்களை இன்டர்வியூ பண்ணணுமாம். அப்பாவை ராட்டர்டாம் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டினது நீங்கதானே. சண்டே வர முடியுமா?"

வருகிறேன்மா என்றேன். ஆனால் நான் உங்களை ராட்டர்டாமுக்குக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இன்று மத்தியானம் வரைக்கும்.

நாம் பழகியது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். பேரப்பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே மடக்கு நாற்காலிகளில் காத்திருக்கிற கூட்டத்தில் நாம் இருவரும் இருந்தோம். நான் போனில் யாரையோ விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தேன். வைத்ததும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய், நீரு எந்த ஊரு? ஏசுத ஏச்சைப் பாத்தா நம்ம பக்கம் மாதிரில்லா இருக்கு!"

அம்பாசமுத்திரம் என்றேன். தூத்துக்குடி என்றீர்கள். எனக்கு அறுபது தாண்டியிருந்தது, உங்களுக்கு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணாச்சி, நான் உங்களுக்கு வெறும் 'வே'. நீங்கள் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக உலகத்தைச் சுற்றியவர். நான் மருந்துக் கம்பெனி லேபில் ஒரே நாற்காலியைத் தேய்த்து ரிட்டையர் ஆனவன். ஆனால் நீங்கள் எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி ராட்டர்டாமில்தான் வந்து நிற்பீர்கள். இளம் வயதில் உங்கள் கப்பல் பழுதாகி அங்கே ஏழு வாரம் கிடந்ததாம். "ஏழு வாரம் ஒரு ஊருல கிடந்தா அது நம்ம ஊருதாம் வே" என்பீர்கள்.

ராட்டே என்கிற சின்ன ஆற்றுக்குக் குறுக்கே ஒரு அணை, அணையை ஒட்டி மீன்பிடிக்கிறவர்கள் நாலு பேர், அப்படித்தான் அந்த ஊர் தொடங்கியது என்று உங்களிடம்தான் கேட்டேன். பெரிய கப்பல்கள் வந்த காலத்தில் ஆற்று வாயில் மணல் மேடிட்டுப்போயிற்று. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, கடலுக்கு நேராக ஒரு கால்வாயை வெட்டிவிட்டார்கள். "கடல் நம்மகிட்ட வரலைன்னா நாம கடல்கிட்ட போவோம்னு வெட்டிட்டான், பாத்துக்கிடும்!" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் தாத்தாதான் மண்வெட்டி பிடித்த மாதிரி இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில், மே மாதத்து மத்தியானம் ஒன்றில், ஜெர்மன் விமானங்கள் வந்து கால் மணி நேரத்துக்குள் நடு ஊரை முடித்துவிட்டுப் போனதையும் அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டேன். குண்டு விழுந்ததைவிட அதற்குப் பிறகு பரவிய தீதான் ஊரைத் தின்றது என்பீர்கள். பெரிய மாதாகோயில் மட்டும் கரிந்துபோய் நின்றது. இடிபாட்டை அள்ளி வாய்க்கால்களைத் தூர்த்தார்கள். சில நாளிலேயே புது ஊருக்குப் படம் வரைய ஆள் போட்டார்கள்.

"பழசு மாதிரியே திரும்பக் கட்டுவோம்னு நினைக்கல வே. அகலமா ரோடு, உசரமாக் கட்டடம், காரே வராத கடைத்தெரு. பழசைப் பூட்டிவச்சுக் கும்பிடுத ஊரு இல்ல அது. அங்க சட்டையே கையை மடக்கிவிட்டுத்தான் கடையில விப்பாங்களாம்!"

அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் வேடிக்கையாம் அது. அதனால்தான் நீங்களும் முழுக்கைச் சட்டை போட்டு எப்போதும் முழங்கை வரை மடக்கிவிட்டிருப்பீர்கள். நியூஜெர்சி பனிக்காலத்திலும் அப்படித்தான்.

ஏழு வாரத்தில் உங்களுக்கு ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். குண்டு விழுந்த அன்றைக்கு அவர் சின்னப் பையன். ஒரு விடுமுறை நாளில் தீ எரிந்து நின்ற எல்லை முழுவதும் உங்களை நடத்திக் கூட்டிப்போனாராம். இந்தப் பக்கம் பழைய செங்கல் வீடு, அந்தப் பக்கம் புதுக் கட்டடம். ஒரு தெருமுனையில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தி, "இப்ப நீ எங்க வீட்டு அடுப்புமேல நிக்கே" என்றாராம். அவர் வீடு எரிந்தது, ஒட்டினாற்போல் இருந்த அடுத்த வீடு தப்பியது. உங்கள் காலத்தில் அங்கே ஒரு அடையாளமும் கிடையாது. பிற்பாடு அந்த எல்லை முழுவதும் நடைபாதையில் வட்ட வட்டமாக விளக்குப் பதித்திருக்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தீர்கள்.

"அவன் சொன்ன இடத்துல விளக்கு இருக்கான்னு பாக்கணும் வே. இருந்துச்சுன்னா, அவன் அடுப்பு இருந்தது நெசம்னு ஊரே ஒத்துக்கிட்ட மாதிரி."

அவ்வளவுதான் நீங்கள் ஆசைப்பட்டது. காசி, ராமேஸ்வரம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தெருமுனை.

ஹோபோக்கன் ஆற்றங்கரைக்குப் போன சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நான் கார் ஓட்டினேன், நீங்கள் டப்பாவில் புளியோதரை கொண்டுவந்தீர்கள். எதிரே நியூயார்க் கட்டடங்கள். அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடி ராட்டர்டாமில் கப்பலேறிய ஏழை எளியதுகள் இறங்கியது இந்தக் கரையில்தான் என்று காட்டினீர்கள். அங்கே அவர்கள் ஏறிய துறையில் இப்போது ஹோட்டலும் உயர உயரமான வீடுகளும். இங்கே இறங்கிய துறையில் புல்வெளியும் நாய் நடத்துகிறவர்களும். துறைமுகம் அங்கே மேற்கே மேற்கே நகர்ந்து, கடலைத் தூர்த்து மண்ணெடுத்து அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆளே இல்லாமல் கிரேன் இறக்க, டிரைவரே இல்லாமல் வண்டி ஏற்றிக்கொண்டு போகிறது. "நம்மளை மாதிரி ஆளுக்கு அங்க இப்ப சோலியே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தீர்கள். உங்களுக்கு அதில் வருத்தமே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வாயில் புளியோதரையை வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன்: "அண்ணாச்சி, உங்களை நான் கூட்டிட்டுப் போறேன். இது சத்தியம்." நீங்கள் கேட்கவே இல்லை. நானாகத்தான் அள்ளிவிட்டேன். வாய்ப்பேச்சுக்கு என்ன, அணை போட்டா வைத்திருக்கிறோம்?

நீங்கள் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டீர்கள். சிட்டிசன்ஷிப் டெஸ்டுக்குப் படித்துப் பாஸ் செய்தீர்கள். நீலப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று என் வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தீர்கள். "அப்ப கப்பல்காரன். சீட்டு வாங்கிக்கிட்டுத்தான் கரையில கால் வைக்கணும். இனி விசா கிசா ஒண்ணும் வேண்டாம். நேரா இறங்குவேன்." என் மனைவி உங்களுக்குக் கேசரி கொடுத்தாள்.

மறு வருடம் நீங்கள் ஊருக்குப் புறப்பட்டீர்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் செய்வதைத்தான் கோமதியும் செய்தாள். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வாட்ஸப் குழுவில் துணை கேட்டுப் போட்டாள்: 'அப்பா நெவார்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக பெங்களூர் போகிறார், அதே ஃப்ளைட்டில் யாராவது போகிறீர்களா?' எனக்கும் ஊரில் அக்கா மகன் கல்யாணம். நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். உங்களுக்கு வீல்சேரும் போட்டுவிட்டாள். நீங்கள் நன்றாக நடப்பீர்கள். ஆனாலும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வீல்சேர் போடுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டதே. இமிக்ரேஷன் வரிசை கிடையாது, இங்கிலீஷில் திக்கவேண்டியது கிடையாது, தள்ளுகிறவரே கொண்டுபோய் ஏற்றிவிடுவார். துணைக்குப் போகிறவனுக்கும் வரிசை கிடையாது. நான் கையைத் தூக்கியதில் பாதி அதற்குத்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்ஸ்டர்டாமில் அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. அந்த டிக்கெட்டைத் தேடிப் பிடித்ததே நீங்கள்தான். காலையில் இறங்கினோம். கண்ணாடிக்கு வெளியே தூறல். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில், அரைமணியில் ராட்டர்டாம். நீங்கள் வீல்சேரில் உட்கார்ந்தபடியே சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டீர்கள். மடியில் ஒரு துணிப்பை.

"கிளம்புவமா வே?"

எனக்கு ராத்திரி விமானத்தில் தூக்கமில்லை. முட்டி வேறு வலித்தது. வெளியே குளிர். இதெல்லாம் காரணமா என்றால், காரணம்தான். ஆனால் என் மனதுக்குள் ஓடிய கணக்கு வேறு. இந்த மனிதர் இப்போது எழுந்து நடந்து வெளியே போனால், திரும்பி வரும்போது வீல்சேர் கிடைக்குமா? நன்றாகத்தானே நடக்கிறார் என்று சொல்லிவிட்டால்? பெங்களூரில் அந்த வரிசையில் நான் நிற்கவேண்டுமே? அதோடு என் கிரெடிட் கார்டுக்கு லவுஞ்சில் இரண்டு பேருக்கு அனுமதி உண்டு. சூடான சாப்பாடு, சாய்ந்து படுக்க நாற்காலி. ஒரு மனிதரின் நாற்பது வருட ஆசைக்கு எதிரே நான் வைத்துப் பார்த்தது இவ்வளவுதான், அண்ணாச்சி. சொல்லவே நாக்கூசுகிறது.

"ஒரு நிமிஷம், கேட்டுட்டு வந்துருதேன்" என்று போனேன். எதிரே விசாரணை டெஸ்க்கில் இருந்த பெண்ணிடம் நான் கேட்டது, லவுஞ்ச் எந்தப் பக்கம் என்று. அவள் கை காட்டினாள். திரும்பி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்.

"அண்ணாச்சி, வீல்சேர் பாஸஞ்சரை நடுவுல வெளிய விடமாட்டாங்களாம். ரூலாம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நல்லாக் கேட்டீரா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"எந்த டெஸ்க்குல?"

கை காட்டினேன். நீங்கள் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ரூல்னா ரூல்தான்" என்றீர்கள். பிறகு சட்டைக் கை இரண்டையும் மெதுவாக இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பட்டனைப் போட்டுக்கொண்டீர்கள். அப்போது அது எனக்கு ஒன்றாகவும் படவில்லை. நல்லவேளை, மனிதர் தகராறு பண்ணவில்லை என்றுதான் நினைத்தேன். லவுஞ்சில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் குறட்டைவிட்டுத் தூங்கினேன். நடுவில் ஒருதரம் விழிப்பு வந்தபோது நீங்கள் கண்ணாடிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தீர்கள். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து நீங்கள் வேறொருவர் துணையோடு திரும்பி வந்தீர்கள். பார்க்க வந்தேன். கோமதி காபியோடு வந்து, "தேங்க்ஸ் அங்கிள். அப்பா போன்ல இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் அந்த விளக்கு லைன்ல நடந்தீங்களாமே!" என்றாள். உங்களைப் பார்த்தேன். நீங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஆமா. அவன் சொன்ன இடத்துலயே விளக்கு இருந்துச்சு. நல்ல நடை. இவருக்குத்தாம் முட்டி வலி, பாவம்."

"ஆமா" என்றேன் நானும். "நல்ல நடை."

அந்த ஒரு 'ஆமா'வுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். நீங்கள் வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, நான் கேட்கவே இல்லை, பொய் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். "பாத்துப் போரும், ரோடெல்லாம் ஈரம்" என்றீர்கள். சரி அண்ணாச்சி என்று வண்டியை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்தோம், பேசினோம். அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு பனிக்காலக் காலையில் உங்கள் இதயம் நின்றுபோயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கோமதி என்னைக் காட்டி, "அப்பாவோட கடைசி ஆசையை நிறைவேத்தினது இந்த அங்கிள்தான்" என்று சொன்னாள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குப் போனேன். மேசைமேல் மூன்று மடிப்பு அட்டை. இடது பக்கம் அணையும் மீன் படகுகளும் நேராக வெட்டிய கால்வாயும். வலது பக்கம் கடலுக்குள் நீண்ட புதுத் துறைமுகம், கடல் பொங்கினால் தானே மூடிக்கொள்ளும் இரண்டு பெரிய இரும்புக் கதவுகள், வளைவுக்குள் காய்கறிக் கடையும் வளைவிலேயே வீடுகளுமாக அந்தச் சந்தைக் கட்டடம், மிதக்கும் தொழுவத்தில் மாடுகள். "தண்ணியில மாடு கட்டுதானாம் வே!" என்று நீங்கள் வியந்த அதே மாடுகள். நடுவில் பெரிய மேப். மேலே ஆம்ஸ்டர்டாம், கீழே ராட்டர்டாம். எரிந்த இடம் முழுவதும் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள் பொட்டுகளாக விளக்குகள். ஒரு பொட்டின்மேல் காகிதத்தில் வெட்டி ஒட்டிய இரண்டு ஆட்கள். ஒருவருக்குச் சட்டைக் கை மடக்கியிருந்தது. இன்னொருவருக்கு வழுக்கை.

"அது நீங்க, எடிசன் தாத்தா" என்றாள் யாழினி. "ஸாரி அபவுட் த ஹேர்."

சிரித்தேன். அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் ஒரு உதவி என்று உங்கள் பழைய டைரியை நீட்டினாள். தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து அவளுக்குப் படிக்க வரவில்லையாம், கடைசிப் பக்கங்களை நான் சத்தமாக வாசிக்கவேண்டுமாம். கோமதி அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். ரயில் நேரங்கள். எந்த வாசலில் இறங்கவேண்டும், எந்தத் தெருவில் திரும்பவேண்டும். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உங்கள் குண்டு குண்டான எழுத்து.

'வீல்சேர் ஆள் வெளியே போகலாம். போன் பண்ணிக் கேட்டாச்சு. இரண்டு மணி நேரம் முன்னாடி வந்து டெஸ்க்கில் சொன்னால் மறுபடி வீல்சேர் தருவார்கள். துணைக்கு வருகிறவருக்குக் குளிர் ஆகாது, கம்பளித் தொப்பி ஒன்று கூடுதலாக எடுக்கவேண்டும். அவருக்கு முட்டி வலி. பெஞ்சு இருக்கிற வழியாகவே நடக்கவேண்டும்.'

அண்ணாச்சி, நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரூல் சொன்னபோது இந்த டைரி உங்கள் மடியில், அந்தத் துணிப்பையில் இருந்திருக்கிறது. நல்லாக் கேட்டீரா, எந்த டெஸ்க்குல என்று நீங்கள் கேட்டது விவரம் தெரிந்துகொள்ள இல்லை. அந்தப் பொய்யிலிருந்து நான் திரும்பி வருவதற்கு இரண்டு தடவை வழிவிட்டிருக்கிறீர்கள். எனக்கான தொப்பியும் அதே பைக்குள் இருந்திருக்கும்.

"வாட் டஸ் இட் ஸே?" என்று யாழினி கேட்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரயில் நேரம்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு எண்ணமும் வந்தது: நான் உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளைக்கு முன்னால் நீங்களல்லவா பொய்யர் ஆகிவிடுவீர்கள்? நல்ல சாக்குத்தான். ஒரு வருடமாக அந்தச் சாக்கைத்தான் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சத்தமாக வாசித்தேன், ஒரு வார்த்தை விடாமல். பிறகு, "நாங்க போகலம்மா" என்றேன். "ஏர்போர்ட்டை விட்டே வெளிய போகல. வெளிய விடமாட்டாங்கன்னு நான் தாத்தாகிட்ட பொய் சொன்னேன்."

கோமதி அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றாள்.

"எங்க அப்பா பொய் சொல்லமாட்டாங்க அங்கிள்."

"சொன்னாரும்மா. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாதுன்னு சொன்னார்."

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "காபி ஆறுது" என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை. அவள் இனிமேல் சொல்வாளா என்று தெரியாது. சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

யாழினிதான் கேட்டாள். "பட் வொய்? ஏன் போகல?"

முட்டி வலி என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "சோம்பேறித்தனம்மா. க்யூவில நிக்கணுமேன்னு. தூங்கணும்னு." அவள் தலையைக் குனிந்து நோட்டில் எழுதினாள். லேசி என்று அவள் இங்கிலீஷில் எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

பிறகு அந்த இரண்டு காகித ஆட்களையும் நகத்தால் மெல்ல உரித்தாள். கிழியாமல் வந்தார்கள். மஞ்சள் பொட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது. மேப்பில் விமான நிலையத்துக்கும் அந்தப் பொட்டுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தாள். நாலு விரல்.

"ஓகே. ஏர்போர்ட்ல ரெண்டு பேரும் உக்காந்து இருந்தீங்களா, நின்னீங்களா?"

"தாத்தா கண்ணாடிகிட்ட நின்னார். நான் படுத்துத் தூங்கினேன்."

என்னிடம் கோந்து பாட்டிலைக் கொடுத்தாள். என் ஆளின் முதுகில் நானே தடவினேன். அவள் வாங்கி என்னைப் படுக்கவைத்து ஒட்டினாள். உங்களை நிற்கவைத்தாள், முகம் ராட்டர்டாம் பக்கம் பார்த்திருக்கும்படி. சட்டைக் கை மட்டும் மடக்கியே இருக்கிறது. அதை இறக்கிவிட்டுப் பட்டன் போட்டீர்கள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதை ஒன்றைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். காலையில் சட்டை மாட்டி மணிக்கட்டில் பட்டன் போடும்போதெல்லாம் உங்கள் விரல்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல், அந்தப் பட்டனைப் போடுவது எனக்குத் தெரியும். சாகும்வரை தெரியும்.

டிக்கெட் போட்டுத்தரவா, ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்று என் மகன் கேட்பான். போகமாட்டேன், அண்ணாச்சி. நீங்கள் இல்லாமல் அந்த விளக்கின்மேல் போய் நிற்க எனக்கு முகம் கிடையாது. அந்தக் கிரேன்காரரின் அடுப்பு இருந்த இடத்தில் விளக்கு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. அது நான் தெரிந்துகொள்ளவேண்டியதும் அல்ல.

அந்த அட்டை நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிறது. பிள்ளைகள், டீச்சர்கள், பெற்றோர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். நின்றுகொண்டிருப்பது என் தாத்தா, படுத்திருப்பது எடிசன் தாத்தா என்று யாழினி எடுத்துச் சொல்வாள். சொல்லட்டும்.